‘பரவாலீங்க’ என்ற பதிலைத் தாண்டி: கல்லூரி மாணவர்களின் மனநலனை ஆய்வு செய்யப் புதிதாக இறங்குபவர்களுக்கு

கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளிடம் “நல்லா இருக்கியா கண்ணு?” என்று கேட்டுப் பாருங்கள். “நல்லா இருக்கனுங்க” என்றுதான் பதில் வரும். முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருந்தாலும், செமஸ்டர் ஃபீஸுக்கு அப்பா யாரிடமோ கடன் கேட்டு நின்றிருந்தாலும் பதில் அதேதான். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் “பரவாலீங்க” என்று ஒரு படி இறங்கும். அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் கேட்கிறவர் மேல் நம்பிக்கை வரவேண்டும்.

உளவியலிலோ சமூகப்பணியிலோ கடைசி வருடப் புராஜெக்டுக்காக “மாணவர்களின் நலவாழ்வு” என்ற தலைப்பை எடுத்திருக்கிறீர்களா? உங்கள் வேலையில் பாதி, அந்த ஒரு படிக்குக் கீழே இறங்குவதுதான். புள்ளியியல் கஷ்டம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள். ஒரு பத்தொன்பது வயதுப் பெண் கேள்விப் படிவத்தை முன்னால் வைத்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த எண்ணை வட்டமிடுவது என்று யோசிக்கும் அந்த மூன்று விநாடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் குறைவு. அதனால் இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் முதல் ஆய்வில் நான் செய்த தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வகுப்பிலேயே, இன்டர்னல் தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமை, படிவங்களைக் கொடுத்து நிரப்பி வாங்கினேன். அவர்கள் எழுதி முடிக்கும்வரை மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோரும் திருப்தியாக, அமைதியாக, நம்பிக்கையோடு இருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். என் கைடு படிவக் கட்டைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “எழுதும்போது வகுப்பில யாரு நின்னது?” அந்த நூற்றுச் சொச்சம் படிவங்களையும் ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஒரு செமஸ்டர் போனது. எனக்கு ஆனது உங்களுக்கு ஆகக்கூடாது.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“கோவை மாவட்டக் கல்லூரி மாணவர்களின் நலவாழ்வு, மனப்பான்மை, நடத்தை – ஓர் ஆய்வு” என்று தலைப்பு வைத்தால் சினாப்சிஸ் பார்க்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் தினமும் கண்ணால் பார்க்கிற ஒன்றிலிருந்து கேள்வியை எடுங்கள்.

அந்தியூரிலிருந்து ஈரோட்டுக்கு, அன்னூரிலிருந்து கோவைக்கு விடிகாலையில் பஸ் ஏறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போக வர ஆகும் நேரத்துக்கும் அவர்கள் தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு? திருப்பூரில் மாலை நேரத்திலும் லீவு நாளிலும் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டே டிகிரி படிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வருமானம் அவர்களுக்குத் தெம்பு கொடுக்கிறதா, களைப்பு கொடுக்கிறதா? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும், உதவி கேட்பதில் என்ன வித்தியாசம்? இப்படிக் கேட்டால் யாரிடம் போவது, எதை அளப்பது, எத்தனை பேர் வேண்டும் என்று அடுத்தடுத்து வழி தெரியும்.

இன்னொன்று. மனப்பான்மை வேறு, நடத்தை வேறு. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை வருடா வருடம் பார்க்கிறேன். ரிச்சர்ட் லாபியேர் என்ற சமூகவியலாளர் 1934-இல் வெளியிட்ட கட்டுரையை எப்படியாவது தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் சீனர்கள் மேல் வெறுப்பு இருந்த காலம் அது. ஒரு சீனத் தம்பதியோடு அவர் ஊர் ஊராகப் பயணம் செய்தார். 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனதில் ஒரே ஒரு இடத்தில்தான் இடம் இல்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு “சீனர்கள் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் “மாட்டோம்” என்றார்கள். தாளில் சொன்னது ஒன்று, நேரில் செய்தது இன்னொன்று. அந்த ஆய்வில் குறைகள் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் நின்று வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்று கேட்கலாம். ஆனாலும் அது காட்டிய இடைவெளி உண்மையானது.

நம் ஊரில் அது தலைகீழாக வரும். “மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லதுதானா?” என்று கேட்டால் வகுப்பே ஆமாம் என்னும். ஆலோசகர் அறைக்கு நேரில் போனவர்களைத் தேடினால் விரல் விட்டு எண்ணலாம். ஐசெக் ஐசென் 1991-இல் விரிவாக எழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ இதைப் பிரித்துப் பார்க்க நல்ல கருவி. ஒருவருக்கு அந்தச் செயலைப் பற்றி என்ன அபிப்பிராயம், சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் கருதுகிறார், செய்வது தன் கையில் இருக்கிறது என்று எவ்வளவு நம்புகிறார் – இந்த மூன்றும் சேர்ந்துதான் எண்ணம் உருவாகிறது, எண்ணத்திலிருந்து செயல் வருகிறது என்கிறார். ஆலோசகர் அறையின் கதவு டிபார்ட்மென்ட் வராந்தாவைப் பார்த்துத் திறந்தால், இரண்டாவதும் மூன்றாவதும் எப்படி அடிவாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். அபிப்பிராயத்தை மட்டும் அளந்துவிட்டு “மாணவர்களிடம் விழிப்புணர்வு அதிகம்” என்று எழுதிவிடாதீர்கள். “கடந்த ஆறு மாதத்தில் போனீர்களா, எத்தனை தடவை?” என்று தனியாகக் கேளுங்கள்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது

அளவுகோல் என்றால், மனநிலையை எண்ணாக மாற்றிக் காட்டும் கேள்விகளின் தொகுப்பு. நீங்களாக இருபது கேள்வி எழுதி, அதற்கு ‘நலவாழ்வு அளவுகோல்’ என்று பெயர் வைக்க வேண்டாம். ஒரு அளவுகோலை உருவாக்குவதே தனி ஆய்வு. பல நாடுகளில் பயன்பட்டுப் பதம் பார்க்கப்பட்டவை ஏற்கெனவே இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலவாழ்வுக் குறியீடு புதியவர்களுக்கு ஏற்றது. 1998-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகம், அமைதி, சுறுசுறுப்பு, தூங்கி எழுந்தபோது புத்துணர்ச்சி, ஆர்வமூட்டும் நாட்கள் – இவ்வளவுதான் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டினால் 25-க்குள் வரும், அதை 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று தெரியும். 50-உம் அதற்குக் கீழும் வந்தால் அந்த நபரைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதையே நோய் என்று எழுதிவிடக்கூடாது.

வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் எட் டீனரும் கூட்டாளிகளும் 1985-இல் கொடுத்தது. அதிலும் ஐந்து வாக்கியங்கள்தான், 1 முதல் 7 வரை. மன அழுத்தத்துக்கு ஷெல்டன் கோஹனும் கூட்டாளிகளும் 1983-இல் வெளியிட்ட ‘உணரப்பட்ட மன அழுத்த அளவுகோல்’ இருக்கிறது. அதன் பத்துக் கேள்வி வடிவம் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கிறது. வாழ்க்கைக்கு அர்த்தம், சுயாதீனம், உறவுகள் என்று ஆழமாகப் போக விரும்பினால் கேரல் ரிஃப் 1989-இல் பிரித்துக் காட்டிய ஆறு பரிமாணங்கள் உண்டு. ஆனால் அதன் நீளமான வடிவத்தை மூன்று மணி லேப் முடித்து வந்த பிள்ளைகளிடம் நீட்டினால் பாதியிலேயே கை ஓய்ந்துவிடும்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்ததா என்று கேட்கிறது. பெயர் இல்லாத படிவத்தில் யாரோ ஒருவர் “ஏறக்குறைய தினமும்” என்று குறித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அது யார் என்றே உங்களுக்குத் தெரியாது. உங்களோடு பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இல்லாமல், அந்தப் பதில் வந்தால் அன்றைக்கே என்ன செய்வது என்ற திட்டம் இல்லாமல், அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள். முதல் புராஜெக்டுக்கு அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எதை எடுத்தாலும் பயன்படுத்த அனுமதி வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில இலவசம், சிலவற்றுக்கு உரிமையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

தமிழாக்கம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் வகுத்துக் கொடுத்த முறை இன்றைக்கும் உதவும். ஒருவர் தமிழாக்குகிறார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பொருள் நழுவியது என்று பார்க்கிறோம்.

எங்கே நழுவும் என்பதற்கு ஒரு உதாரணம். மன அழுத்த அளவுகோலில் ஒரு கேள்வி, எல்லாம் நம் கைக்குள் இருப்பதாக உணர்ந்தீர்களா என்ற பொருளில் வரும். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி “விஷயங்களின் மேல் நீங்கள் இருப்பதாக” என்று தட்டச்சு செய்த படிவத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதற்கும் பிள்ளைகள் மரியாதையாக ஒரு எண்ணை வட்டமிட்டிருந்தார்கள். புரியாத கேள்விக்கும் நம் பிள்ளைகள் பதில் போட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து.

‘மன அழுத்தம்’ என்ற சொல்லே சிக்கலானது. செய்தித்தாளில் சில சமயம் அது டென்ஷனைக் குறிக்கிறது, சில சமயம் மனச்சோர்வு நோயைக் குறிக்கிறது. மாணவர்கள் பேச்சில் ‘டென்ஷன்’, ‘பிரஷர்’ என்பார்கள். படிவத்தில் எழுத்துத் தமிழை வைத்துக்கொண்டே பக்கத்தில் பழகிய சொல்லையும் சேர்த்தால் தப்பில்லை. ‘பதற்றம் (டென்ஷன்)’ என்று போட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் ஐந்தாறு பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, படிவத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே நினைப்பதையும் சொல்லச் சொல்லுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாழ்க்கைத் திருப்தி அளவுகோலின் கடைசி வாக்கியம், மறுபடி வாழ வாய்ப்புக் கிடைத்தாலும் ஏறக்குறைய எதையும் மாற்றமாட்டேன் என்ற பொருள் கொண்டது. பி.காம் இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி அதை எனக்கு எதிரில் உட்கார்ந்து படித்தாள். ‘மாற்றமாட்டேன்’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. ஆறை வட்டமிட்டாள். அடித்தாள். இரண்டை வட்டமிட்டாள். பேனா மூடியைக் கடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க மேம், மாத்தோணும்னா ஒத்துக்கறேன்னு போடறதுங்களா, இல்லீன்னு போடறதுங்களா?”

“நீ என்ன கண்ணு மாத்துவே?”

“வேற குரூப் எடுத்திருப்பனுங்க மேம். நர்ஸிங் போலாம்னு இருந்தனுங்க. வூட்ல வேண்டாம்னுட்டாங்க.”

அவள் சொல்லவந்தது ‘ஒத்துக்கொள்ளவில்லை’. முதலில் வட்டமிட்டது ஆறு, அதாவது ‘ஒத்துக்கொள்கிறேன்’. நேரில் உட்காராமல் இருந்திருந்தால் என் கணக்கில் அவள் திருப்தியான பெண்ணாகவே இருந்திருப்பாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை “என் வாழ்க்கையை மறுபடி வாழ முடிந்தாலும், இப்போது இருப்பது போலவே பெரும்பாலும் இருந்தால் போதும்” என்று நேர்வாக்கியமாக்கி, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, கைடின் ஒப்புதலோடு பயன்படுத்தினோம். அப்படி மாற்றியதை அறிக்கையில் எழுதவும் செய்தோம். நீங்கள் எதை மாற்றினாலும் எழுதிவிடுங்கள். ஏழு தெரிவுகளை ஐந்தாகக் குறைத்தாலும் எழுத வேண்டும், ஏனென்றால் பிறகு உங்கள் எண்ணை மற்றவர் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

சுயவிவரப் பகுதி

இதை எல்லோரும் கடைசி நேரத்தில் எங்கிருந்தோ காப்பி அடிப்பார்கள். ‘தந்தையின் தொழில்: அரசு / தனியார் / சொந்தத் தொழில்’ என்று இருக்கும். பல்லடத்திலோ சோமனூரிலோ இருந்து வரும் பையன் இதில் எதை டிக் அடிப்பான்? அவன் அப்பாவுக்கு நாலு தறி சொந்தமாக இருக்கும், ஆனால் நூல் கொடுப்பவருக்குக் கூலிக்குத்தான் நெய்து கொடுப்பார். இன்னொருவன் அப்பா அடுத்தவர் தறியை ஓட்டுபவர். இரண்டு பேரும் ‘தறி’ என்றுதான் சொல்வார்கள். வீட்டு நிலைமை வேறு வேறு. நாமக்கல்லில் லாரிக்குச் சொந்தக்காரரும் லாரி ஓட்டுபவரும் அப்படித்தான். உங்கள் கேள்விக்குக் குடும்ப வருமானம் முக்கியமென்றால், நீங்கள் போகும் ஊரின் தொழில்களைத் தெரிந்துகொண்டு தெரிவுகளை எழுதுங்கள்.

சாதி கேட்கும் கட்டத்தைப் பழக்கத்தால் சேர்க்காதீர்கள். உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அது கட்டாயம் தேவைப்பட்டால் தவிர அது வேண்டாம். அதைப் பார்த்த உடனேயே சில பிள்ளைகளின் முகம் மாறிவிடும். அதற்குப் பிறகு அவர்கள் எழுதுவதெல்லாம் ‘பரவாலீங்க’தான்.

அனுமதியும் சம்மதமும்

கொங்கு நாடு ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடும், சேலம், நாமக்கல் பக்கம் பெரியார் பல்கலைக்கழகத்தோடும், கரூர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்தவை. பொறியியல் கல்லூரிகள் வேறு. தன்னாட்சிக் கல்லூரிகளின் கால அட்டவணையும் வேறு. ஆகவே நான்கு கல்லூரிக்குப் போவதென்றால் நான்கு முதல்வர்களுக்குக் கடிதம், நான்கு அட்டவணை என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். கடிதத்தோடு படிவத்தின் நகல், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், கைடின் கையெழுத்து மூன்றையும் இணைத்தால் பாதி அலைச்சல் குறையும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் மனிதர்களிடம் நடத்தும் சமூக, நடத்தை ஆய்வுகளையும் கணக்கில் எடுக்கின்றன. அதில் புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் வயது. பிளஸ் டூ முடித்து ஜூன், ஜூலையில் முதலாம் வருடம் சேருகிற பல பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடிந்திருக்காது. அவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அந்த மாணவரின் இசைவும் வேண்டும். சிக்கல் வேண்டாம் என்றால் இரண்டாம், மூன்றாம் வருடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்மதத் தாளில் “விருப்பமில்லை என்றால் வெற்றுப் படிவத்தை மடித்துக் கொடுத்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்” என்று எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சரிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் இல்லை. அதனால் ‘முடியாது’ என்ற வார்த்தையைச் சொல்லாமலே விலகிக்கொள்ள ஒரு வழி வைக்க வேண்டும்.

பெயரும் ரோல் நம்பரும் கேட்காததால் மட்டும் படிவம் ரகசியமாகிவிடாது. ஒரு வகுப்பில் இரண்டே இரண்டு பையன்கள் இருந்தால், ‘ஆண், இரண்டாம் வருடம், ஊட்டச்சத்தியல், ஹாஸ்டல்’ என்ற நான்கு டிக் போதும், யார் என்று தெரிந்துவிடும். அந்த மாதிரி இடங்களில் டிபார்ட்மென்ட் கேட்பதை விட்டுவிடுங்கள்.

படிவத்தின் கடைசியில், கிழித்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு துண்டு இருக்கட்டும். அதில் மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104, உங்கள் கல்லூரி ஆலோசகர் இருக்கும் அறையும் நேரமும். டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். எல்லோருக்கும் அந்தத் துண்டு போகட்டும். கேட்டவர்களுக்கு மட்டும் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எத்தனை பேர்?

“நூறு பேர் போதுமா மேம்?” என்று கேட்பார்கள். என்ன தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜேக்கப் கோஹன் 1992-இல் கொடுத்த அட்டவணை இன்றைக்கும் கைக்கு உதவும். இரண்டு அளவுகளுக்கு இடையே 0.30 அளவுக்கு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) நடுத்தரத் தொடர்பு இருந்தால், அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டும் என்றால், 85 பேர் தேவை. தொடர்பு 0.10 என்ற அளவில் சிறியதாக இருந்தால் 783 பேர். ஹாஸ்டல், டே ஸ்காலர் என்று இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிட்டு நடுத்தர வித்தியாசத்தைத் தேடினால் குழுவுக்கு 64 பேர். அரைகுறைப் படிவங்கள் வருமென்பதால் கொஞ்சம் கூடவே வாங்குங்கள்.

எண்ணிக்கையைவிட யார் வருகிறார்கள் என்பது பெரிய விஷயம். உங்கள் தோழிகளின் வகுப்பில் மட்டும் வாங்கிவிட்டு ‘கொங்கு மண்டல மாணவர்கள்’ என்று தலைப்புப் போட முடியாது. ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் மூவரும் 2010-இல் இதைத்தான் உலக அளவில் சொன்னார்கள். மேற்கத்திய, வசதியான நாடுகளின் மாணவர்களைச் சோதித்துவிட்டு மனித குலத்தைப் பற்றியே முடிவுக்கு வருகிறோம் என்றார்கள். ஒரு நகரக் கல்லூரியின் ஆங்கில வழி வகுப்பை வைத்து அந்தியூரைப் பற்றிப் பேசுவதும் அதே தவறின் சின்ன வடிவம்.

எப்போது, எங்கே, யார் கொடுப்பது

ஐந்து கேள்விக் குறியீடு கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது என்றேன் அல்லவா? தீபாவளி லீவு முடிந்து ஒரு வாரத்தில் வாங்கினால் நீங்கள் அளப்பது தீபாவளியை. மாசியில் கோவை கோனியம்மன் தேர், பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் பண்டிகை, பிறகு ஊர் ஊருக்கு நோம்பி (திருவிழா). இன்டர்னல் வாரமும் பிராக்டிகல் வாரமும் இன்னொரு பக்கம். இதையெல்லாம் ஒரு காலண்டரில் குறித்துவைத்து, வகுப்பு சாதாரணமாக நடக்கிற மூன்று, நான்கு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கல்லூரியிலும் அதே சமயத்தில் வாங்குங்கள். ஒரு கல்லூரியில் தேர்வுக்கு முன்பும் இன்னொன்றில் பொங்கலுக்குப் பின்பும் வாங்கிவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் நிச்சயம் வரும், அதற்கு அர்த்தம்தான் இருக்காது.

வகுப்பு ஆசிரியர் அறையை விட்டு வெளியே போகட்டும். இதை முன்கூட்டியே பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மார்க் போடும் அதிகாரம் இல்லாத ஒருவர் படிவம் கொடுக்கட்டும். வாங்கும்போது கையில் வாங்காமல், மூடிபோட்ட அட்டைப் பெட்டியில் துவாரம் போட்டு வாசல் ஓரம் வையுங்கள். கடைசி பீரியட் வேண்டவே வேண்டாம், காலேஜ் பஸ் கிளம்பிவிடும் என்ற பதற்றத்தில் யாரும் யோசித்து எழுதமாட்டார்கள்.

கூகுள் ஃபார்ம் லிங்கை வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் போடுவது சுலபம். ஆனால் ஒரே ஆள் இரண்டு முறை அனுப்புவதும், நண்பன் ஃபோனை வாங்கி ஒருவரே நான்கு பேருக்குத் தட்டிவிடுவதும் நடக்கும். கிளாஸ் ரெப் “எல்லாரும் போடுங்க” என்று தூண்டிக்கொண்டிருந்தால் சம்மதம் என்பதற்கே பொருள் இல்லை. முடிந்தவரை காகிதம்.

படிவங்கள் கைக்கு வந்தபிறகு

ஒவ்வொரு படிவத்துக்கும் எண் போடுங்கள். எக்ஸெலில் ஒரு வரி ஒரு ஆள். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று தனித் தாளில் எழுதிவையுங்கள், மூன்று மாதம் கழித்து நினைவிருக்காது. பத்தில் ஒரு படிவத்தை வேறொருவர் சரிபார்க்கட்டும்.

பத்துக் கேள்வி மன அழுத்த அளவுகோலில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நல்ல உணர்வைப் பற்றிக் கேட்பவை, அவற்றில் எண் கூடினால் அழுத்தம் குறைவு என்று பொருள். கூட்டுவதற்கு முன் அவற்றைத் திருப்ப வேண்டும், 0 என்பது 4 ஆகும், 1 என்பது 3 ஆகும். இதை மறந்துவிட்டுப் பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். லீ கிரோன்பாக் 1951-இல் தந்த ஆல்ஃபா எண்ணைக் கணக்கிடுங்கள். 0.70-க்கு மேல் இருந்தால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று பொதுவாக ஏற்பார்கள். 0.40 என்று வந்தால் பயப்படாமல் முதலில் அந்த நான்கையும் திருப்பினீர்களா என்று பாருங்கள். திருப்பியும் குறைவாக இருந்தால் தமிழாக்கத்துக்குத் திரும்பிப் போங்கள், ஏதோ ஒரு கேள்வி வேறுமாதிரி புரிந்திருக்கிறது. பத்துக்கும் ஒரே எண்ணை மேலிருந்து கீழ்வரை வட்டமிட்டவர் கேள்வியைப் படிக்கவில்லை என்பதும் இதே நான்கால்தான் தெரியும். இப்படிப்பட்ட படிவங்களை எப்படிக் கையாள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எதை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று தகவல் திரட்டும் முன்பே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கைடுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கையில் தகவல் வந்ததும் பாலினம், வருடம், ஹாஸ்டல், அப்பா தொழில் என்று வரிசையாகச் சோதித்துக்கொண்டே போவீர்கள். உண்மையில் எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும், இருபது சோதனை செய்தால் 0.05 என்ற வரம்பில் (அதாவது நூற்றுக்கு ஐந்து தடவை தற்செயலாகத் தப்பாகலாம் என்று ஏற்கும் வரம்பில்) சராசரியாக ஒன்று தற்செயலாகவே ‘குறிப்பிடத்தக்கது’ என்று வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு அத்தியாயம் எழுதுவது உங்களுக்குப் பதில் சொன்ன பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

எழுதும்போது வார்த்தையை அளந்து போடுங்கள். பஸ் நேரமும் மன அழுத்தமும் 0.30 அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தில் காணும் ஏற்ற இறக்கத்தில் அது 9 சதவீதத்தோடுதான் பொருந்துகிறது. பயணம்தான் காரணம் என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து வரும் வீடுகளில் வருமானம் குறைவாக இருக்கலாம், தங்கை தம்பியைக் கவனிக்கும் வேலை இருக்கலாம், விடிகாலையில் மாடு கறந்துவிட்டுக் கிளம்பும் பிள்ளைகளும் இருக்கலாம். ‘தொடர்பு உள்ளது’ என்று எழுதினால் போதும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) “ஏன் காரணம் என்று சொல்லவில்லை?” என்று கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

திரும்பிப் போங்கள்

அறிக்கையை பைண்டிங் செய்து மூன்று காப்பி கொடுத்ததோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். படிவம் வாங்கிய வகுப்புகளுக்கு மறுபடி ஒரு முறை போங்கள். ஒரு பக்கத்தில், தமிழில், என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எழுதி எடுத்துப்போங்கள். அந்தத் துண்டில் இருந்த எண்களை மறுபடி கரும்பலகையில் எழுதுங்கள்.

நான் அப்படிப் போன ஒரு வகுப்பில், பேசி முடித்து எல்லோரும் கிளம்பியபிறகு ஒரு பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். “மேம், அதுல எம்பட மார்க் எவ்வளவுன்னு பார்க்க முடியுங்களா?” என்றான். பெயர் இல்லாததால் எனக்கே தெரியாது என்றேன். சரிங்க என்று தலையாட்டினான். நகரவில்லை. “ஏன் கண்ணு, பார்க்கோணுமா?” என்றேன். பையைக் கழற்றி முதல் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் ஊர் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.